நல்லா இருக்கேன், சார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உறையின் மேல் உன் பதவி, படைப்பிரிவு எண் எல்லாம் தப்பில்லாமல் எழுதியிருக்கிறேன். உள்ளே நீ பாப்பாதான். கூட இருப்பவர்கள் எட்டிப் பார்த்தால் மடித்து வைத்துக்கொள்.

முதலில் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். உன் அம்மா போனில் முந்திக்கொண்டால் அதற்குக் கையும் காலும் முளைத்துவிடும். போன வாரம், முன்னாள் படைவீரர் அலுவலகத்தில், கையெழுத்துப் போடக் குனிந்தவன், மூக்கிலிருந்து தண்ணீரை அங்கிருந்த குமாஸ்தாப் பெண்ணின் மேஜைமேல் ஊற்றிவிட்டேன். சளி இல்லை, சுத்தமான தண்ணீர், குழாயைத் திறந்த மாதிரி. பேனா மிதந்தது என்று உன் அம்மா சொல்வாள், நம்பாதே. நனைந்தது, அவ்வளவுதான்.

அன்றைக்கு எனக்கு மருத்துவப் பரிசோதனை. என் சைனஸ் ராணுவத்தில் குப்பை எரித்ததால் வந்ததுதானா, இயலாமை உதவிக்கு நான் தகுந்தவன்தானா என்று அவர்கள் நியமித்த டாக்டர் பார்த்து எழுத வேண்டும். இது நமக்கு ஏன் வேண்டும் என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதிவிடுகிறேன். வலது கண்ணுக்குப் பின்னால் இருக்கிற மெல்லிய எலும்பைச் சீழ் அரித்துக்கொண்டிருக்கிறது என்று ஸ்கேன் எடுத்தவர் சொல்கிறார். ஆபரேஷன் செய்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் கண்ணுக்கு உத்தரவாதம் இல்லையாம். மனுவை ஏற்றுக்கொண்டால் படைவீரர் மருத்துவமனையிலேயே செய்வார்கள். இல்லையென்றால் அது நம் சக்திக்கு மீறிய காரியம்.

பரிசோதனை என்ற வார்த்தையைக் கேட்டதும் உன் அப்பனுக்குள் தூங்கிக்கொண்டிருந்த பழைய சிப்பாய் எழுந்துவிட்டான். முகம் வழித்தேன். பூட்ஸைத் துடைத்தேன், அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம். சட்டையை நானே இஸ்திரி போட்டேன். கடைசியாக மூக்கு. மூக்கு கழுவுகிற கெண்டியில் உப்புத் தண்ணீர் நிரப்பி, இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்து, பளிச்சென்று கழுவினேன். "கல்யாணத்துக்கா போறீங்க?" என்று உன் அம்மா கேட்டாள். அழுக்கு மூக்கோடு ஒரு டாக்டர் முன்னால் போய் உட்காருவது மரியாதை இல்லை என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அப்போதே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

காத்திருக்கிற கூடத்தில் எல்லாம் எங்கள் ஆட்கள்தான். ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே இல்லை. ஒருவருக்குக் காதில் மெஷின். இன்னொருவர் தண்ணீர் குடித்தால் பாதி சட்டைக்குப் போகிறது, கை அப்படி நடுங்குகிறது. ஆனால் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். எப்படி இருக்கீங்க என்று ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டோம். எல்லோரும் நன்றாக இருந்தோம். ஊனத்துக்கு மனுப் போட வந்த கூட்டத்தில் ஒருவனுக்குக்கூட ஒரு குறையும் இல்லை!

டாக்டருக்கு வயது உன்னைவிட நாலைந்துதான் கூட இருக்கும். கண் கம்ப்யூட்டரில். நான் உள்ளே போய் உட்கார்ந்ததும், திரும்பாமலே, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். பாப்பா, நான் வேண்டுமென்று செய்யவில்லை. காலே தானாக எழுந்தது. குதிகால் ஒட்டிக்கொண்டது. நெஞ்சு முன்னால் வந்தது. "நல்லா இருக்கேன், சார்!" சத்தத்தில் அந்தப் பிள்ளை திடுக்கிட்டுவிட்டது. அப்புறம் அதை அப்படியே டைப் அடித்தது.

உன் அம்மா என் தொடையைக் கிள்ளினாள். "அவர் நல்லா இல்லைங்க டாக்டர், அது வாய்ப்பழக்கம்" என்றாள். "அவரே சொல்லட்டும்மா" என்றார் டாக்டர். அப்புறம் விளக்கு வைத்து மூக்குக்குள் பார்த்தார். "சுத்தமா இருக்கே" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, நன்றி சார் என்றேன். நன்றி சொன்னேன், பாப்பா. உன் அப்பனை எந்தக் கண்காட்சியில் வைக்கலாம் சொல்.

இன்னொரு கேள்வி கேட்டார். போன வருஷத்தில் எத்தனை தடவை டாக்டர் சொல்லி, மருந்து சாப்பிட்டுக்கொண்டு, வேலைக்குப் போகாமல் படுத்திருந்தீர்கள்? படுத்தால் சளி பின்பக்கமாக இறங்கித் தொண்டையை அடைக்கும், நான் உட்கார்ந்துதான் தூங்குவேன், வலியோடு வேலைக்குப் போய்விடுவேன் என்றேன். "அப்ப படுக்கல" என்று சொல்லிவிட்டு ஒரு பூஜ்யம் தட்டினார். நான் கவனித்தேன், பூஜ்யம் தட்டுவதற்கு ஒரு விரல் போதும்.

வெளியே வந்து கையெழுத்துக்குக் குனிந்தபோதுதான் அந்தத் தண்ணீர். காலையில் விட்ட தண்ணீர் உள்ளே ஏதோ ஒரு பொந்தில் இத்தனை நேரம் பதுங்கி இருந்து, சரியாகக் கதவு சாத்தியதும் வந்தது. உன் அம்மா துள்ளிக் குதித்தாள். "டாக்டரைக் கூப்பிடுங்க, இதை வந்து பாக்கட்டும்!" என்றாள். குமாஸ்தாப் பெண் மேஜையைத் துடைத்துக்கொண்டே, "பரிசோதனை முடிஞ்சு போச்சும்மா, இனிமே வர்றதைக் கணக்குல எடுக்க முடியாது" என்றாள்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது உன் அம்மா, "வருஷக்கணக்கா ஒழுகற மூக்கு, இன்னிக்கு மட்டும் லீவு போட்டுச்சா?" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. இப்போது எழுதும்போது எனக்கும் சிரிப்பு வரவில்லை. வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டுதானே அவரிடம் பேசினேன், அது அவர் காதில் விழவில்லையா? கன்னத்து எலும்பில் விரலால் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் நான் கத்தியிருப்பேனே. தட்டவில்லை. என் முகத்தை அவர் பார்த்ததே, உள்ளே விளக்கு அடிக்கும்போதுதான்.

போகட்டும். முடிவு தபாலில் வரும். கார் நிறுத்துமிடத்து வேலை வழக்கம்போல. டோக்கன் கிழிக்கிறேன், வண்டிப் புகை குடிக்கிறேன். வாசனை தெரியாதவனுக்கு ஏற்ற உத்தியோகம் என்று முதலாளி சொல்கிறார். முன்னே குடோன் காவலில் இருந்தபோது, ஃபியூஸ் பெட்டி என் முதுகுக்குப் பின்னால் கருகியது எனக்குத் தெரியாமல் போனதற்கு அவர் கொடுத்த தண்டனை இதுதான். நல்ல மனிதர், வேலையை விட்டு அனுப்பவில்லை.

புது முகாமில் சாப்பாடு சூடாகக் கிடைக்கிறதா? சளி பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தாயே, தலையை ஈரத்தோடு விட்டாயா? ஆவி பிடி. மற்றபடி இங்கே எல்லோரும் சுகம்.

உன் அப்பா

---

அன்புள்ள பாப்பாவுக்கு,

சுகம் என்று முதல் வரியில் எழுதினால் அடுத்த வரியில் அடிக்க வேண்டியிருக்கும். நேராகச் சொல்கிறேன். தள்ளுபடி.

காரணம் மூன்று போட்டிருக்கிறார்கள். ஒன்று, பரிசோதனையின்போது மனுதாரர் தாம் நலமாக இருப்பதாகத் தாமே தெரிவித்தார், மூக்கும் சுத்தமாகக் காணப்பட்டது. இரண்டு, பணிக்காலம் முழுவதும் மூக்குத் தொல்லைக்காக ஒருமுறைகூடச் சிகிச்சை பெற்றதாகப் பதிவு இல்லை. மூன்று, தற்போதைய தொல்லைக்கு வீட்டுத் தூசியோ பரம்பரைக் கூறோ காரணமாக இருக்கலாம்.

மூன்றாவதைப் படித்ததும் உன் அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். கண், மூக்கு, ஆபரேஷன் எல்லாம் அவளுக்கு மறந்துவிட்டது. "என் வீட்டுல தூசியா? எவன் எழுதினான்? வந்து தரையை நக்கிப் பாக்கச் சொல்லுங்க!" என்று ஆரம்பித்தவள், அலமாரிக்கு மேலே, கட்டிலுக்கு அடியில், மின்விசிறி இறக்கை என்று ஒவ்வொன்றாகத் துடைத்து, துடைத்த துணியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "காட்டுங்க, எங்கே தூசி?" நான்தான் அந்தக் கடிதத்தை எழுதின மாதிரி.

எனக்குக் கோபம் இரண்டாவது காரணத்தின் மேல். பதிவு இல்லையாம். எப்படி இருக்கும்?

உனக்கு நான் இதை முழுசாகச் சொன்னதில்லை, சிரிப்பாகத்தான் சொல்லியிருக்கிறேன். எங்கள் முகாமில் சமையல்கூடத்துக்குப் பின்னால் ஒரு குழி. பள்ளிக்கூட மைதானம் அளவு. முகாமில் மிச்சமாகிற எல்லாம் அங்கேதான். பிளாஸ்டிக், பேட்டரி, டயர், பெயின்ட் டப்பா, கிழிந்த பூட்ஸ், மருத்துவ அறையில் இருந்து வருகிற பைகள். அதற்குள் என்ன என்று கேட்கக் கூடாது. ஒருவன் டீசல் ஊற்றுவான், அதனால் அவன் பேர் டீசல். நான் நீளக் கம்பியால் கிளறிவிடுவேன், அதனால் என் பேர் கரண்டி. முகமூடி கேட்டதற்கு, நாளைக்கு வரும் என்றார்கள். நான் பணியை விட்டு வரும்வரை அந்த நாளை வரவில்லை. பனியனை நனைத்துக் கட்டிக்கொள்வோம். மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். யாருடையது அதிகக் கறுப்பு என்று எங்களுக்குள் பந்தயம். முட்டாள் பசங்கள்.

ஒருநாள் காற்று மாறிப் புகை அதிகாரிகள் கூடாரத்துக்குப் போனது. மறுநாளே குழியை இடம் மாற்றிவிட்டார்கள். எங்கள் படுக்கைக் கொட்டகைக்குப் பக்கமாக. ஆக, புகை கெடுதல் என்று அவர்களுக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் மாற்றினார்கள்.

அப்புறம் சிகிச்சைப் பதிவு. மூக்கடைப்பு என்று மருத்துவ அறைக்குப் போனவனை எங்கள் சார்ஜென்ட் என்ன செய்வான் தெரியுமா? ஒரு கைக்குட்டையை ஊசி குத்தி அவன் சட்டையில் மாட்டுவான், பால்வாடிக் குழந்தைக்கு மாட்டுகிற மாதிரி. மாட்டி, எல்லோரும் சாப்பிடப் போகிற வழியில் நிற்க வைப்பான். இரண்டு பேர் நின்றதைப் பார்த்தோம். அதற்கப்புறம் எங்கள் கொட்டகையில் யாருக்கும் எந்த நோயும் வரவில்லை. வருஷாவருஷம் டாக்டர் வரிசையில் நிற்க வைத்து, எப்படி இருக்கீங்க என்று கேட்பார். அடுத்தவன் சொல்லி முடிப்பதற்குள் நாங்கள் சொல்லிவிடுவோம். நல்லா இருக்கேன், சார். அதுதான் அவர்கள் சொல்கிற பதிவு. வாயை இறுகக் கட்டிவிட்டு, அப்புறம் இவன் ஒன்றுமே சொல்லவில்லையே என்று எழுதுகிறார்கள். எனக்கு வயிறு பற்றி எரிகிறது, பாப்பா. குழியில் எரிந்ததைவிட மோசமாக எரிகிறது.

மேல்முறையீடு போட்டாகிவிட்டது. கூட வேலை செய்தவர் ஒருவர் நேரில் வந்து சாட்சி சொன்னால் பலம் என்றார்கள். டீசலைத் தேடிப் பிடித்தேன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். வேன் கதவைத் திறந்ததும், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் காயப் போட்டிருந்த கைக்குட்டைகளைப் பார்த்தேன், கேட்க வேண்டியதே இல்லாமல் போயிற்று. அவனும் வாயால்தான் மூச்சு விடுகிறான். பிள்ளைகள் அவனை மீன் மாமா என்று கூப்பிடுகிறார்களாம். சந்தோஷமாகச் சொன்னான். "ஏன்டா, நீ மனுப் போடலியா?" என்று கேட்டேன். "எனக்கென்னடா கரண்டி, நல்லாத்தான இருக்கேன்" என்றான்.

எங்கள் இருவரையும் நாற்காலியில் உட்கார வைத்து உன் அம்மா பயிற்சி கொடுக்கிறாள். கையில் தையல் ஸ்கேல். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்கிறாள். எழுந்தால் முட்டியில் ஒரு அடி. "மோசமா இருக்கேன்" என்று உட்கார்ந்தபடியே சொல்லப் பழகுகிறோம். டீசலுக்கு அந்த வார்த்தை வாயில் நுழையவே மாட்டேன் என்கிறது. கெட்ட வார்த்தை பேசச் சொன்னதுபோல் வெட்கப்படுகிறான்.

இதை மடிக்கும்போது உன் கடிதம் வந்தது. படித்தேன். 'உங்க பழைய வேலை எனக்கு வந்திருக்கு அப்பா, நானும் கரண்டி ஆயிட்டேன்' என்று எழுதியிருக்கிறாய். பக்கத்தில் சிரிக்கிற முகம் ஒன்று போட்டிருக்கிறாய்.

எனக்கு இப்போது எழுத வரவில்லை. பிறகு எழுதுகிறேன்.

அப்பா

---

மகளே,

இந்தக் கடிதத்தில் பாப்பா இல்லை. ஒரு சிப்பாய் இன்னொரு சிப்பாய்க்கு எழுதுகிறான்.

விசாரணை முடிந்தது. நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர், வயசானவர், மரியாதையாகத்தான் பேசினார். இடப்பக்கம் ஒரு கண்ணாடிக்காரர், அவருக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். வலப்பக்கம் இருந்தவர் முழு நேரமும் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். நான் அன்றைக்கு மூக்கு கழுவவில்லை. பூட்ஸுக்குப் பதில் செருப்பு. முகம் வழிக்காதே என்று உன் அம்மா சொல்லியிருந்தாள், அதையும் கேட்டேன். கண்ணாடியில் பார்த்தபோது, ஜாமீனில் வந்தவன் மாதிரி இருந்தேன்.

டீசல் அருமையாகச் சாட்சி சொன்னான். குழி எங்கே இருந்தது, என்ன போட்டார்கள், எப்போது இடம் மாற்றினார்கள், கைக்குட்டை விஷயம், ஒன்றையும் விடவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்தது. உன் அம்மா பின்னால் இருந்து என் தோளை அழுத்தினாள். எல்லாம் முடிந்து அவன் உட்காரும்போது, தலைவர் பாவம், நல்ல மனசோடு, "ரொம்ப நன்றிங்க. நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார்.

நாற்காலி பின்னால் போய் விழுந்தது. அப்படி எழுந்தான். "நல்லா இருக்கேன், சார்!"

உன் அம்மா நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் எனக்குக் கேட்டது. கண்ணாடிக்காரர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அதே குழி, அதே புகை. டீசல் ஊத்தினவரு நல்லா இருக்காரு. கிளறினவருக்கு மட்டும் எப்படி வந்துச்சு?" என்றார். டீசல் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கொன்றுவிட்டுப் பார்க்கிறவன் மாதிரி நின்றான், வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டு.

அப்போது எனக்கு வந்தது. கோபம் வந்தால் சிரிப்புக் காட்டி மழுப்புகிறவன் நான், உனக்கே தெரியும். அன்றைக்கு மழுப்ப முடியவில்லை. எழவில்லை, உட்கார்ந்தபடியே பேசினேன். "சார், அந்த வார்த்தையை எங்களுக்குச் சொல்லிக்குடுத்தது நீங்க. வேற பதில் சொன்னவன் சட்டையில கைக்குட்டை குத்தி நிக்க வெச்சது நீங்க. நல்ல வயசு பூரா அதை மட்டுமே சொல்ல வெச்சுட்டு, இப்ப அதையே எடுத்து எங்க மேல எழுதறீங்க. இதோ நிக்கிறானே, இவன் மூச்சு விடறதைக் கொஞ்சம் கேளுங்க. காது இருக்குல்ல? எல்லாரும் பேசாம இருந்து கேளுங்க" என்றேன்.

பேசாமல் இருந்தார்கள். பேனாக்காரர்கூட மூடி திறப்பதை நிறுத்தினார். அந்த அறையில் டீசலின் மூச்சு மட்டும் கேட்டது. உள்ளே போகும்போது ஒரு சீழ்க்கை, வெளியே வரும்போது ஒரு கரகரப்பு. தலைவர் குனிந்து ஏதோ எழுதினார். நல்லதைத்தான் எழுதினார் என்று அவர் கையைப் பார்த்தாலே தெரிந்தது.

அப்புறம் அவர் ஒரே ஒரு கேள்வி பாக்கி என்றார். பரம்பரைக் கூறு என்று முந்தைய உத்தரவில் இருக்கிறதே, அதை நீக்க வேண்டுமாம். "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மூக்குத் தொல்லை உண்டா? அம்மா, அப்பா, கூடப்பிறந்தவங்க, பிள்ளைங்க?"

தோளில் இருந்த உன் அம்மாவின் கை இறுகியது.

நான் எழுந்தேன், மகளே. இந்தத் தடவை பழக்கத்தில் எழவில்லை, தெரிந்தே எழுந்தேன். குதிகாலைச் சேர்த்தேன். "யாருக்கும் இல்ல, சார். எல்லாரும் நல்லா இருக்காங்க" என்றேன். முடிவு தபாலில் வரும் என்று அனுப்பிவிட்டார்கள். நமக்குச் சாதகமாக வரும் என்று வாசலில் எல்லோரும் கைகுலுக்கினார்கள்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பேசியதை நான் கவனமாகக் கேட்டேன். ஒவ்வொரு இரண்டு வார்த்தைக்கும் நடுவில் வாயால் மூச்சு எடுக்கிறாய். அந்த மூச்சு எனக்குத் தெரியும். அது ஈரத் தலையால் வந்தது இல்லை. சளி எப்படி இருக்கிறது என்று நான் கேட்டதற்கு நீ சொன்ன பதிலையும் கேட்டேன். "நல்லா இருக்கேன்ப்பா."

அப்புறம் உன் அம்மா போனை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போய், குரலைத் தாழ்த்திச் சொன்னதும் என் காதில் விழுந்தது. 'அப்பா கேஸ் முடியட்டும், அதுவரைக்கும் டாக்டர்கிட்ட எதையும் சொல்லி வைக்காதே. ரெண்டு பேருக்கும் ஒரே வியாதின்னா பரம்பரைன்னு எழுதிடுவாங்க.' மூக்கு செத்த பிறகு காது கூர்மையாகிவிட்டது எனக்கு. அவளைக் கோபித்துக்கொள்ளாதே. அவளுக்கு என் கண் வேண்டும். நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு என் வலது இமையைத் தடவிப் பார்க்கிறவள். இதை எழுதுகிறேன் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. பிறகு சொல்லிக்கொள்கிறேன், ஸ்கேல் அடி எனக்குத்தானே.

நீ யோசிக்காமல் தலையாட்டியிருப்பாய். அப்பாவுக்காக வாயை மூடிக்கொண்டு அந்தக் குழி ஓரத்தில் நிற்கிறாய். எனக்கு அதை நினைத்தால் யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. உன் மேல் வருகிறது. உன் அம்மா மேல் வருகிறது. என் காலம் முடிந்து இத்தனை காலம் ஆன பிறகும் ஒரு மூடி போட்ட உலை வாங்க முடியாத அந்த ராணுவத்தின் மேல், சொல்லக் கூடாத வார்த்தையெல்லாம் வருகிறது. அன்றைக்குச் சட்டையில் கைக்குட்டை குத்தினவன் இன்றைக்கு எங்கேயோ நல்ல மூக்கோடு தூங்குகிறான். அவனுடைய வேலையை இப்போது நாமே செய்கிறோம், ஒருவருக்கு ஒருவர், பாசத்தோடு.

ஆகவே இது உத்தரவு. இந்தக் கடிதம் கிடைத்த உடனே மருத்துவ அறைக்குப் போ. மூக்கைக் கழுவாதே. சிந்தாதே. அப்படியே போ. பூட்ஸ் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் எழாதே. நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள். மோசமா இருக்கேன் என்று சொல். சத்தமாகச் சொல், அடுத்த அறைக்குக் கேட்கட்டும். எங்கே வேலை செய்கிறாய், என்ன எரிக்கிறாய், எப்போதிலிருந்து என்று அவர்கள் எழுதுவதைக் கண்ணால் பார்த்த பிறகு வெளியே வா. யாராவது கைக்குட்டை குத்தினால் குத்தட்டும், நீ நில். நிற்கிறவர்கள் கூடிப்போனால் அவனிடம் கைக்குட்டை தீர்ந்துபோகும்.

என் மனு என்ன ஆகும் என்று கேட்பாய். அவர்கள் நம் இரண்டு பேர் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பார் பரம்பரை என்று எழுதினால் எழுதட்டும். ஒரே நெருப்புப் பக்கத்தில் அப்பனையும் மகளையும் நிற்க வைத்துவிட்டுப் பரம்பரை என்று சொன்னால், அதற்கும் ஒரு மேல்முறையீடு போடுவேன். உட்கார்ந்து பேசக் கற்றுக்கொண்டவன், இனி லேசில் விடமாட்டேன். கண்ணைப் பற்றிக் கவலைப்படாதே. என்னிடம் கண் இரண்டு இருக்கிறது. உன்னிடம் மூக்கு ஒன்றுதான்.

டீசல் தினமும் வருகிறான், வாசலில் நின்று மன்னிப்புக் கேட்கிறான். நேற்று அவனை உட்கார வைத்து, அவனுக்கும் ஒரு மனு எழுத ஆரம்பித்திருக்கிறோம். முதல் வரியில், நான் மோசமாக இருக்கிறேன் என்று எழுதச் சொன்னாள் உன் அம்மா. எழுதிவிட்டு அழுதான். அவள் அவனுடைய காயாத கைக்குட்டையை மாற்றி, வேறு ஒன்று கொடுத்தாள்.

நீ எந்த ஊரில் எந்தக் காற்றில் நின்றாலும், அந்தக் காற்று உன் முகத்துக்கு எதிரே வராமல் இருக்கட்டும். நூறு வயது இரு. நூறு வயதிலும் மூக்கால் மூச்சு விடு. மழை வரப்போவது வாசனையில் தெரிந்து, துணியை எடுக்க மாடிக்கு ஓடு. ஓடும்போது அப்பாவை நினைத்துக்கொள்.

ஒன்று பாக்கி. குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று தலைவர் கேட்டபோது, எல்லாரும் நல்லா இருக்காங்க என்று நான் சொன்னேன் அல்லவா? அதற்கு முன்னால் வேறு ஒன்று தொண்டைவரை வந்து நின்றது. சொன்னால் கண் போகும் என்று விழுங்கிவிட்டேன். அவர்களிடம் சொல்லாததை உன்னிடம் எழுதுகிறேன், நீ போய் அங்கே சத்தமாகச் சொல்:

"இருக்கு, சார். என் பொண்ணுக்கு. அந்தக் குழி இன்னும் எரியுது, சார். அணைங்க."

அப்பா